இருப்பிடம் தெரியாதவர்

திவாகரன் ஏழு வருடத்துக்குப் பிறகு வாவியைக் கடந்து படுவான்கரைக்கு வருகிறான் என்றால் அது நலம் விசாரிக்க அல்ல என்பது நல்லரத்தினத்துக்கு அவன் பாதையை விட்டு இறங்கும்போதே தெரிந்துவிட்டது. பாதை என்றால் இங்கே ரோட்டு அல்ல. ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடுகிற மிதவைக்கு அதுதான் பெயர். திவாகரனின் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரு தாள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையாக, “என்ன மச்சான், நல்லா மெலிஞ்சு போயிட்டீங்க” என்று தொடங்கினான்.

தாளில் இருந்த விசயம் இதுதான். திவாகரனின் அக்கா கேதீஸ்வரி, முன்பு நல்லரத்தினத்தின் மனைவி, இப்போது சைப்பிரஸில் ஜோர்ஜியு என்ற வெள்ளைக்காரனின் மனைவி. மகள் விதுர்ஷாவைத் தன்னிடம் எடுக்கப் போகிறாள். அதற்கு முன் பிள்ளையின் குடும்பப் பெயரை ஜோர்ஜியு என்று மாற்ற வேண்டும். பெற்ற தகப்பன் சம்மதம் என்று சமாதான நீதவான் ஒருவரின் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும்.

“ஒரு கையெழுத்துத்தானே மச்சான். அந்தாள்ட பேரில இருந்தாத்தான் அலுவல் கெதியா முடியுமாம். இன்னும் நாலு மாசத்தில அவளுக்குப் பதினெட்டு. அது முடிஞ்சா மறுகா எடுக்க ஏலாதாம். மீராசாஹிப் சேர்ட்டப் போங்க, நல்ல மனிசன்.”

“குடும்பப் பேரா? எனக்கேதுடா குடும்பப் பேர்?”

கேள்வி நியாயமானது. எங்கள் ஆட்களில் யாருக்குத்தான் குடும்பப் பெயர் இருக்கிறது? எந்த விண்ணப்பத்திலாவது அப்படி ஒரு கட்டம் இருந்தால் தகப்பனின் பெயரைத் தூக்கி அதற்குள் போட்டுவிடுவோம். சைப்பிரஸ்காரன் ‘நல்லரத்தினம்’ என்பதைப் பார்த்து, ஏதோ பழைய பரம்பரைப் பெயர், கழற்றினால் போயிற்று என்று நினைத்திருப்பான். அது ஓர் ஆளின் பெயர், அந்த ஆள் வாவியில் இறால் பிடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறான் என்று அவனுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? கேதீஸ்வரி சொல்லியிருக்க மாட்டாள்.

மட்டக்களப்பில் ஆண்பிள்ளையின் பிழைப்பே விசித்திரமானது. கலியாணம் முடித்தால் பெண்டாட்டியின் வீட்டுக்குப் போவான். வீடு அவளுக்குச் சீதனமாக எழுதியது. பிள்ளை பிறந்தால் அது தாயின் குடி, அதாவது தாயின் வம்சம். கோயில் திருவிழாவில் அதற்கு உரிமை வருவதும் தாய்வழியில்தான். பிரிந்துவிட்டாலோ, சாரனையும் வலையையும் சுருட்டிக்கொண்டு சகோதரியின் வீட்டுக்கு நடக்க வேண்டியது. நல்லரத்தினமும் அப்படித்தான் அன்னப்பூரணி அக்காவின் வீட்டு விறாந்தையில் வந்து விழுந்தான். பிள்ளையில் அவனுடையதென்று மிஞ்சியது அவள் பெயருக்கு முன்னால் நின்ற இந்தப் பெயர் ஒன்றுதான்.

அவன் ஒன்றும் உத்தமன் இல்லை. சாராயம் குடித்தான். குடித்துவிட்டு வந்து கேதீஸ்வரியை அவள் தம்பியின் கண் முன்னாலேயே அடித்தான். அவள் சைப்பிரஸுக்குக் கிழவி ஒருத்தியைப் பராமரிக்கப் போனாள், திரும்பவில்லை. பிறகு விவாகரத்துக் கடிதம் வந்தது. அன்றோடு அவன் குடிப்பதை விட்டான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதற்கு யாரும் அவனுக்கு மாலை போடவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை.

“வீடு அவட. குடி அவட. புள்ளைட முகமும் அவளப் போல. என்ட பேர் மட்டுந்தான் என்டது. அதுவும் வேணுமாமா? தர ஏலாதெண்டு போய்ச் சொல்லு” என்றான்.

திவாகரன் தாளை வைத்துவிட்டு எழுந்தான். அன்னப்பூரணி உள்ளே இருந்து தேங்காய் துருவியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், அவன் படலைக் கதவைத் தாண்டும் வரை காத்திருக்கவில்லை.

“கையெழுத்து வெச்சிராத தம்பி. இண்டைக்குப் பேரக் கேப்பாளுகள், நாளைக்கு நீ செத்தாக் கொள்ளி வைக்கவும் ஆளில்லாமப் போகும். கிறுகியும் பாராத அந்தக் கடதாசிய.”

அக்கரையில் மாமன் வீட்டில் வளர்கிற விதுர்ஷாவுக்குச் சனிக்கிழமைகளில் டியூசன். அது முடிகிற நேரத்துக்கு அவன் அக்கரைக்குப் போவான், பையில் இறாலோ நண்டோ இருக்கும். வாசலில் நிற்க வேண்டாம் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் அவளுக்கு வெட்கம், பை மணக்கும். ஆகவே கொஞ்சம் தள்ளி, தண்ணீர்த் தாங்கியின் பக்கத்தில் நிற்பான். பெற்ற பிள்ளையைக் களவாகப் பார்ப்பதும் ஒரு பிழைப்பு. ஏழு வருடமாக அவன் ஒரு சனிக்கிழமையும் தவறவிட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை அவளே கேட்டாள். “அப்பா, மாமா ஒரு கடதாசி தந்தவரா?”

“தந்தவன்.”

“வெச்சித் தாங்களன்.”

“உனக்கும் என்ட பேர் வேணாமா, மகள்?”

“எனக்கு அம்மா வேணும்” என்றாள் அவள், பட்டென்று. “ஏழு வருசமா போனுக்குள்ளயே பார்த்துட்டன். பேர மாத்தினா நீங்க அப்பா இல்லாமப் போவீங்களா?”

அந்த இடத்திலேயே சரி என்றிருக்க வேண்டும். மனம் இளகித்தான் போயிருந்தது. ஆனால் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே, அது செத்தாலும் வேகாது. “யோசிச்சுச் சொல்றன்” என்றான்.

யோசித்தான், யோசித்தான், இரண்டு கிழமை யோசித்தான். இடையில் வந்த இரண்டு சனிக்கிழமையும் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டாவது சனிக்கிழமை நல்ல சிரிப்பும் கதையுமாக வந்து, “அடுத்த கிழமை பெரிய நண்டா கொண்டாங்கப்பா” என்று கூடச் சொன்னாள். என் பிள்ளைக்கு என்ன பொறுமை, நெருக்காமல் எனக்கு அவகாசம் தருகிறாள் என்று நினைத்துப் பாதையில் திரும்பி வரும்போது அவனுக்குக் கண் கலங்கியது. மடையன்.

அந்தக் கலக்கத்திலேயே முடிவெடுத்தான். பிள்ளை கேட்டதைக் கொடுத்துவிடலாம். பிடுங்கப்படுவது வேறு, கொடுப்பது வேறு. நானே என் கையால் கொடுத்தேன் என்று இருக்கட்டும். புதன்கிழமை முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு பாதை ஏறினான். அன்னப்பூரணி பேசிய பேச்சு வாவியின் நடுப்பகுதி வரை கேட்டிருக்கும்.

மீராசாஹிப் ஓய்வுபெற்ற அதிபர். வீட்டு முன்னறையில் மேசை போட்டு ஊராருக்குக் கையெழுத்து வைத்துக் கொடுப்பவர். தாளை வாங்கிப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், திரும்பவும் போட்டுப் படித்தார்.

“இந்தப் புள்ளைட அலுவல் முடிஞ்ச அலுவலாச்சே” என்றார். “போன சனிக்கிழமை காலமை தாய்மாமன் புள்ளையக் கூட்டிக்கிட்டு வந்து சத்தியக்கடதாசி முடிச்சிக்கிட்டுப் போனார். தகப்பன் ஏழு வருசமாத் தொடர்பில்ல, இருக்கிற இடம் தெரியாது எண்டு.”

நல்லரத்தினத்துக்கு முதலில் விளங்கவில்லை. மீராசாஹிப் கடதாசிக் கோவையைத் திறந்து பிரதியை எடுத்து மேசையில் வைத்தார். சத்தியக்கடதாசி தட்டச்சில் இருந்தது. அதன் பின்னால் குத்தியிருந்த கடிதம் கையெழுத்தில் இருந்தது. அந்தக் கையெழுத்தை அவனுக்குத் தெரியும்.

‘எனது தந்தை என்னைப் பத்து வயதில் விட்டுச் சென்றார். அதன் பின் நான் அவரைக் கண்டதில்லை. அவருடைய முகம் எனக்கு ஞாபகமில்லை.’

கீழே விதுர்ஷாவின் ஒப்பம். எழுத்தெல்லாம் முத்து முத்தாக இருந்தது. ஓரிடத்திலாவது வெட்டித் திருத்தியிருக்கிறாளா, பேனை தடுமாறியிருக்கிறதா என்று வரி வரியாகத் தேடினான். இல்லை. காலையில் இங்கே இதை எழுதிக் கொடுத்துவிட்டு நேரே டியூசனுக்குப் போய், மத்தியானம் அவனிடம் நண்டு கேட்டிருக்கிறாள். திவாகரன் சொல்லிக்கொடுத்திருப்பான், தாய் போனில் அழுதிருப்பாள், எல்லாம் சரி. எழுதிய கை அவளுடையது. அவனுக்கு நெஞ்சு எரிந்தது. ஒரு கிழமை முன்னால் வந்திருந்தால் பிள்ளைக்கு இந்தப் பொய் தேவைப்பட்டிருக்காது என்பது அதைவிட எரிந்தது.

மீராசாஹிப்பின் முகம் கறுத்திருந்தது.

“தம்பி, நான் நம்பித்தான் ஒப்பம் வெச்ச. இந்தத் தகப்பன் இருக்கிறாரெண்டு தெரிஞ்சா, அல்லாஹ்வுக்குப் பயந்து நான் எழுதி அறிவிக்கத்தான் வேணும். பொய்ச் சத்தியம். மறுகா எல்லாம் முதல்ல இருந்து, கோடு கச்சேரி எண்டு ஏறணும். நாலு மாசம் எங்க காணும்? புள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்சிடும்.” பிரதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “சொல்லுங்க. நீங்கதானே அந்த நல்லரத்தினம்?”

சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டையின் மேல் அவன் கை போயிற்று. ஓம் என்ற ஒரு சொல் போதும். திவாகரன் கோட்டுக் கூண்டில் ஏறி நிற்பான். கேதீஸ்வரி அங்கே கிடந்து தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும், தான் பட்டதில் பாதியாவது படட்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. பெயரும் மிஞ்சும். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு விதுர்ஷா இங்கேயே இருப்பாள், தாயிடம் போகவிடாமல் மறித்தவனின் பெயராக.

கையைக் கீழே எடுத்தான்.

“இல்ல சேர். நான் அவருக்குத் தெரிஞ்ச ஆள்.”

“அப்ப அவர்?”

“ஆள் இல்ல. எங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியா.”

மீராசாஹிப் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பிள்ளைகளின் பொய்யைக் கேட்டுப் பழகிய மனிதர். பிறகு சம்மதத் தாளை நாலாக மடித்து அவன் பக்கம் தள்ளினார்.

“அப்ப இது தேவல்ல. அவரை எங்கயாச்சும் கண்டாச் சொல்லுங்க தம்பி, மகள் புதுப் பேரில பாஸ்போட்டு எடுக்கப் போறாளாம்.”

“கண்டாச் சொல்றன், சேர்” என்றான் நல்லரத்தினம்.