தும்மாத பிணம்

திண்டுக்கல்லில் மேடையில்லாத நாடகத்தைக் கண்டுபிடித்தவர் ராயப்பராஜ் வாத்தியார் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. மேடை போட இடமில்லை, அவ்வளவுதான்.

முதலில் படம் ஓடாத பகலில் வாத்தியாரின் நாடகக்காரர்கள் ஒரு சினிமாக் கொட்டகையைக் கெஞ்சி வாங்கினார்கள். திரைக்கு முன்னால் இருந்த இடத்தில் வரிசையாக நிற்கத்தான் முடியும். சண்டைக் காட்சியில் ரெண்டு பேர் தரை டிக்கெட்டுக்காரர்கள் மேல் விழுந்தார்கள். கொட்டகைக்காரர் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார். அடுத்து ஒரு பூட்டுப் பட்டறையின் பின்கட்டு. வாத்தியார் உருக்கமாக வசனம் பேசும்போதெல்லாம் உள்ளே சுத்தியல் அடித்தது. கடைசியாகத்தான், அவர்களோடு வேஷம் கட்டுகிற என் அண்ணன் மொக்கைச்சாமி எடை போடுகிற புகையிலைக் கிடங்கு கிடைத்தது. அங்கே பலகை அடித்து மேடையும் போட்டார்கள். ராஜா வேஷக்காரர் ஏறி நின்றார். கிரீடம் உத்தரத்தில் இடித்துக் காதுவரைக்கும் இறங்கிவிட்டது. அதைக் கழற்றவே அரைமணி ஆனதாம்.

மேடையைப் பிரித்துப் போட்டுவிட்டு, தரையின் நடுவே கோலமாவால் ஒரு வட்டம் போட்டார் வாத்தியார். சுற்றிலும் பாய் விரிக்கச் சொன்னார். நடிகனும் சனமும் ஒரே மட்டத்தில் இருப்பதுதான் இனிமேல் புதுமுறை என்று அறிவித்தார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இவர் கோணல் கூடத்தை வைத்தே பேர் வாங்கிக்கொண்டார், கெட்டிக்காரர்.

எனக்கு அவருடைய புதுமுறை எதுவும் வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேண்டியது என் அண்ணனின் மடி.

என் மகள் கருப்பம்மாளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. இன்னும் காது குத்தவில்லை. எரியோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் அந்த வயசுப் பிள்ளைகளெல்லாம் தோட்டை ஆட்டிக்கொண்டு திரியும்போது இவள் மட்டும் மூளிக்காதோடு நின்றாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அந்த மகராசனோ மூன்று வருஷமாக என் வாசலை மிதிக்கவில்லை.

சண்டை பெரிதொன்றுமில்லை. நாங்கள் புதுவீட்டில் பால் காய்ச்சிய அன்று, பந்தியில் எங்கள் வீட்டுக்காரர் வேடிக்கையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, கூத்தாடிக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்துங்கப்பா, பாட்டுப் பாடுவாரு என்று சொல்லிவிட்டார். பந்தியே சிரித்தது. அண்ணன் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். இலையை மடிக்கக்கூட இல்லை. சாப்பிட்டு முடித்து இலையைத் தன் பக்கம் மடித்தால் உறவு நீளும் என்பார்கள். அவன் விரித்தபடியே போட்டுவிட்டுப் போனான். அதற்கப்புறம் நான் எத்தனையோ தடவை போய்க் கூப்பிட்டேன். என்னைக் கண்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வான். அந்தச் சுவருக்கு வாயிருந்தால் அதுவே பதில் சொல்லியிருக்கும்.

எங்கள் வீட்டுக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. என் பிறந்தவீட்டுப் பங்காளி முறையில் வேறொரு மாமனை உட்கார வைக்கலாமே என்றார். கூடப் பிறந்தவன் குத்துக்கல்லாக இருக்கும்போது இரவல் மடி எதற்கு என்று கேட்டேன்.

இதற்கிடையில்தான் கிடங்கில் நாடகம் என்று தெரிந்தது. மிராசுதார் ஒருவர் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியபடியே செத்துப்போகிறார். சொந்தக்காரர்கள் பிணத்தைச் சுற்றி நின்று அடித்துக்கொள்கிறார்கள். இதுதான் கதை. என் அண்ணனுக்கு என்ன வேஷம் என்று விசாரித்தேன். பிணமாம். அடப்பாவி, இதற்கா உறவை அறுத்துக்கொண்டு போனாய் என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனால் அந்த வேஷத்துக்கு அவனை விட்டால் ஆளில்லை. கிடங்கு முழுக்கப் புகையிலைத் தூசி. உள்ளே நுழைந்தவர்களெல்லாம் தும்முவார்கள். அங்கேயே வேலை பார்த்துப் பழகிப்போனதால் தும்மாமல் கிடக்கக்கூடியவன் அவன் ஒருத்தன்தான். மூக்கில் கொசு உட்கார்ந்தாலும் அசையமாட்டான் என்று வாத்தியார் ஊரெல்லாம் பெருமை பேசினார்.

அப்போதுதான் எனக்குப் புத்தியில் தட்டியது. பிணம் எழுந்து போகாது. சுவர் பக்கம் திரும்பியும் படுக்காது.

பருத்திக்கொட்டை வாங்க வேண்டும் என்று சொல்லி எங்கள் வீட்டுக்காரரை ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற்றிக் கூட்டிவந்தேன். கிடங்குக்குள் நுழைந்த பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. முறைத்துவிட்டு ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். நான் பெண்கள் பக்கம் முதல் பாயைப் பிடித்தேன். சாயங்கால வெயில் கூரைக் கண்ணாடி வழியாக விழுந்தது. வட்டத்துக்குள் அண்ணன் கிடந்தான். மாலை போட்டு, நெற்றியில் காசு ஒட்டி, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில்.

மிராசுதார் சம்சாரமாக வந்தவர் தபாலாபீஸ் பவுல்ராஜ். மீசையை எடுத்துவிட்டுச் சேலை கட்டியிருந்தார். என்னைத் தனியே விட்டுப் போனீரே என்று மாரில் அடித்துக்கொண்டு, அந்தப் ‘போனீரே’யில் ஒரு தும்மல் போட்டார். சனம் கொல்லென்று சிரித்தது. எனக்கு அதுதான் தருணம். உயிரோடு இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைத்தால் ஆயுசு கூடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தலைமுடியை அவிழ்த்துவிட்டு வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தேன்.

“தங்க மலையேறித்
தவறி விழுந்தவனே – என்
தாய்வீட்டு வாசலுக்குத்
தாப்பாளப் போட்டவனே

மல்லியப்பூப் பந்தலிலே
மாமன் மடி தேடி – என்
மூளிக்காதுப் புள்ளையழ
மொகந்திருப்பிக் கொண்டவனே”

எங்கள் பக்கத்துப் பொம்பளைகளுக்கு ஒப்பாரி காதில் விழுந்தால் சும்மா இருக்க முடியாது. யார் செத்தால் என்ன, எந்த ஊரானால் என்ன. எனக்குப் பின்னால் இருந்த பூக்கடை சுந்தரம்மாள் எழுந்துவந்து என் தோளைக் கட்டிக்கொண்டாள். இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். பவுல்ராஜையும் இழுத்து நடுவில் போட்டுக்கொண்டார்கள். அவர் நெளிந்த நெளிப்பில்தான் ஆம்பளை என்று தெரிந்து, சுந்தரம்மாள் கையை வெடுக்கென்று எடுத்தாள். வாத்தியார் தூண் மறைவிலிருந்து என்னைப் போ போ என்று கையை ஆட்டினார். பிறகு கிடங்கே அழுவதைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு, எல்லாம் தான் எழுதியதுதான் என்பதுபோல நின்றார்.

நான் விடவில்லை. மூன்று வருஷத்து மனத்தாங்கலையும் ராகம் போட்டுக் கொட்டினேன். இலையை மடிக்காமல் போனதைக்கூடப் பாடினேன். செத்தவனைத் திட்டினால் செத்தவன் கேட்டுத்தானே ஆக வேண்டும். திடீரென்று அண்ணனின் உதடு மட்டும் லேசாக அசைந்தது.

“என்னைக்கு வச்சிருக்க?”

ராகத்தை நிறுத்தினால் நாடகம் கெடும். பாட்டிலேயே பதில் சொன்னேன். வார ஞாயித்துக்கிழமையிலே, அய்யலூருச் சந்தைக் கெடா கட்டியிருக்கு ராசா என்று இழுத்தேன்.

“மாப்ள வந்து கூப்புடணும்,” என்றது பிணம்.

செத்தும் திமிர் அடங்கவில்லை பாருங்கள். நானும் குரலை உயர்த்தினேன். தங்கச்சி கூப்பிட்டால் காதில் ஏறாதாம், தாலி கட்டின மச்சான் வந்து தலைகுனிந்து கூப்பிட வேண்டுமாம் என்று ஆண்கள் பக்கம் பார்த்தே பாடினேன். எங்கள் வீட்டுக்காரர் எழுந்தார். அவர் வாசலுக்குப் போகிறாரா இங்கே வருகிறாரா என்று தெரியாமல் எனக்குப் பாட்டே மறந்துபோனது. வாசல் வரைக்கும் போனவர் அங்கே நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பி வந்து, பிணத்தின் தலைமாட்டில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“மச்சான், அன்னைக்குப் பந்தியில நான் பேசுனது தப்பு. புள்ளைக்கு உங்க மடி வேணும். வாங்க.”

ஒரு தும்மல்கூட இல்லை. அத்தனை கண்ணும் அண்ணன் முகத்தில்தான். கொசு உட்கார்ந்தாலும் அசையாதவன் என்று பேர் வாங்கியவன். அவனுடைய நெற்றிக் காசு மெல்ல நழுவிப் பாயில் உருண்டது.

“வாரேன்,” என்றான் சத்தமாக.

ஆண்கள் பக்கத்தில் ரெண்டு பேர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். ஒரு பிள்ளை வீரிட்டது. வாத்தியார் வட்டத்துக்குள்ளேயே வந்து, செத்தவன் பேசலாமாடா என்று பல்லைக் கடித்தார். அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“பேசாம இருந்து பாத்துட்டேன் சார். முடியல.”

சொல்லிவிட்டுக் காசைத் தேடி எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு மறுபடியும் செத்துப்போனான். சனம் கைதட்டி ஓய வெகுநேரம் ஆனது. மிச்ச நாடகத்தை யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் வாத்தியார் எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். பேசுகிற பிணத்தைத்தான் சனம் கேட்கிறது, ஒவ்வொரு நாடகத்துக்கும் வந்து ஒப்பாரி வையுங்கள் என்று கேட்டார். என் அண்ணன் ஒருதடவை செத்தது போதும் என்று மோர் கொடுத்து அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். சீர்த்தட்டோடு, மேளத்தோடு, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். கருப்பம்மாள் அவன் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் திமிறினாள். அண்ணன் அவள் காதில் ஏதோ சொன்னான். பிள்ளை கண்ணை மூடி, மூச்சை மெதுவாக விட்டு, அசையாமல் இருந்தது. ரெண்டு காதும் குத்தி முடிந்தது. என்ன சொன்னாய் என்று கேட்டேன். நல்ல காரியத்தில் சொல்லக்கூடாதாம்.

பந்தியில் எங்கள் வீட்டுக்காரரே நின்று கறி பரிமாறினார். வேடிக்கை எதுவும் பேசவில்லை. நான் தூணோரம் நின்று அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டான். தண்ணீர் குடித்தான். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இலையைத் தன் பக்கமாக மடித்தான்.