கெட்டி ஆயில்

இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத் தருவோம். என் வீட்டுக்காரர் சகாயம் அந்த வழக்கத்தை என் தம்பியின் புதுக் காருக்கும் கொண்டுபோனதுதான் வினை.

காங்கேயத்தில் ஒரு கல்யாணத்துக்காகத் தம்பி ஜெஃபினின் காரை வாங்கிப் போயிருந்தோம். திருப்பிக் கொடுக்கும் முன் இவர் எஞ்சின் ஆயிலைப் பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்தார். "என்ன டெய்சி, தண்ணியாட்ட இருக்குது? ஆராச்சும் ஏமாத்திப்போட்டாங்களா?" என்றவர், அத்தனையையும் வடித்துவிட்டுத் தன் பழைய டெம்போவுக்கு ஊற்றும் கெட்டி ஆயிலை ஊற்றினார். டெம்போ ஓட்டியே தலை நரைத்தவர், நான் என்ன சொல்ல? காரைக் கொடுக்கும்போது, "புது ஆயிலு ஊத்தியிருக்கறேன் மாப்ள, எஞ்சின் கல்லாட்ட நிக்கும்" என்று பெருமை வேறு.

இன்று சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது, ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஆசிப்பிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இந்தப் புது பெட்ரோல் எஞ்சினுக்கு ஆயிலு தண்ணியாட்டத்தானுங்க இருக்கோணும். உள்ள வழியெல்லாம் குறுகலு, கெட்டி ஆயிலு சட்டுனு மேல ஏறாது. மூடியிலயே 0W-20ன்னு மெல்லிசு ஆயிலோட நம்பரு போட்டிருக்குமே, பாக்கலீங்களா?"

பார்த்தேன். கம்பெனிக்காரன் ஏதோ கிறுக்கியிருக்கிறான் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன்.

"ஒடனே ஒண்ணும் ஆயிராதுங்க. ஆனா சீக்கிரம் மாத்தச் சொல்லுங்க" என்றார் ஆசிப். அந்த 'ஆனா' போதாதா? ஜெஃபின் கைக்குழந்தையோடு காலையிலேயே கோத்தகிரிக்குக் கிளம்பியிருந்தான். மேட்டுப்பாளையம் தாண்டினால் முழுக்க மலை.

வீட்டுக்கு வந்து சொன்னதும், "ஆசிப்புக்கு என்ன தெரியும்?" என்று இவர் சீறினார். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய் வைக்கவில்லை.

"கொழந்த இருக்குதல்லோ" என்றார் கடைசியில். "போனைப் போடு. நானே சொல்றேன். மானம் போனாப் போகுது."

மச்சினன் முன்னால் தலைகுனிவதைவிட உயிரை விடலாம் என்று நினைக்கிற மனுசன். எனக்குக் கோபமும் பாவமும் சேர்ந்தே வந்தன.

ரிங் போனது, எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. மலைப்பாதையில் ஓட்டும்போது எடுக்க மாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும், புகை கக்கிக்கொண்டு கார் வளைவில் நிற்பதுபோலவே தோன்றியது. ஒருவழியாக எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஜெஃபினு, அந்த ஆயிலு..."

"அக்கா, மச்சான் பக்கத்துல இருக்காருங்களா?"

இவரைப் பார்த்தேன். கடைசி நேரத்தில் தைரியம் கைவிட, இல்லை என்று கையை ஆட்டினார்.

"இல்லடா."

"அத நான் அன்னிக்கே மாத்திப்போட்டேனுங்க. மச்சான்கிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. ஆசையா ஊத்திக் குடுத்தாரு, மனசு ஒடைஞ்சுபோயிருவாரு. நாங்க வந்து சேந்துட்டம், பாப்பா தூங்குது."

போனை வைத்தேன். இவர் கண் கலங்கியிருந்தது.

"என் காதுல எதுவும் விழுகலைன்னே இருக்கட்டும்" என்றார். "அவன் ஊருக்கு வந்ததும் ஆயிலு எப்படி மாப்ளன்னு ஒண்ணுந் தெரியாதவனாட்ட நான் கேக்கோணும். கேக்காட்டி, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு சங்கடப்படுவான்."