ரயில் விழுங்கிய பேச்சு

ரயில் மேம்பாலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு, சைக்கிள் ஓட்டவும் நடக்கவும் பாதை போட்ட மறுவாரமே, அந்தக் காலத்து ரயில் இரைச்சலில் அமுங்கிப்போன பேச்செல்லாம் வெளியே கேட்கத் தொடங்கியது. பழைய ரயில் நேரம் தவறாமல், நாள் வரிசை மாறாமல், பேசிய வீட்டிலேயே பேசியவர் குரலில் கேட்டது. பாலத்தை ஒட்டி மூன்றாம் மாடியில் குடியிருந்தவர்கள் ரயில் போகிற தைரியத்தில் யாரை என்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள் என்று கேட்கவா வேண்டும். பல் டாக்டர் தன் மாமியாரைப் பற்றிச் சொன்னது காலைநடைக்கு வந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. இரண்டு கல்யாணம் முறிந்தது, ஒன்று கூடியது. நகராட்சி ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு, சைக்கிளுக்கு இடைஞ்சல் இல்லை என்று விட்டுவிட்டது.

திரைச்சீலை தைக்கிறவளுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ரயில் ஓடிய காலத்தில் ஒருநாள் காலை, கண்ணாடி பொருத்துகிற வேலை பார்த்த அவள் புருஷன் சண்டை போட்டுக்கொண்டு பையோடு கிளம்பினான். வாசலில் நின்று ஏதோ சொன்னான். சரியாக அந்நேரம் ரயில் போனது. என்னவாவது சொல்லிக்கொள்ளட்டும் என்று இவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். போனவன் போனவன்தான். அன்றைக்கு என்ன சொன்னான், சாபம் விட்டானா, தலைமுழுகினேன் என்றானா? அடுப்பில் பாலை வைத்தவள் மாதிரி ஜன்னலுக்கும் மிஷினுக்கும் அலைந்தாள். ஓட்டலுக்குத் தைத்த திரைகளில் பூவெல்லாம் தலைகீழாகத் தொங்கியது.

"ஜன்னலை அடைச்சிட்டு வேலையப் பாருக்கா. கேட்டு என்ன ஆகப்போகுது?" என்றாள் தங்கை.

"உனக்கென்ன, உன் வீட்டுக்காரர் வீட்லயே குறட்டை விட்டுட்டு இருக்காரு."

அவன் கிளம்பியதற்கு முந்தின நாள் போட்ட சண்டை கேட்டதும், நாளைக்குத்தான் அந்த வாசல் பேச்சு என்று தெரிந்துபோயிற்று. மறுநாள் காலை ரயில் நேரத்துக்கு வாசலில் அவன் குரல் வந்தது. "கோவத்துல போறேன். பாதி வழியில திரும்பி வந்தாலும் வந்துருவேன், தாழ் போடாத."

"பாவி மனுஷா, ரயில் போனதும் சொல்லியிருக்கக் கூடாதா" என்று அவள் கதவடியில் உட்கார்ந்து அழுதாள். அழுகை ஓய்வதற்குள் அடுத்த ரயிலின் நேரம் வந்துவிட்டது. பாலத்தில் சைக்கிள் மணிகள் அடித்தபடி போக, கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு ரயில் கடக்கிற நேரம் வரைக்கும் விடாமல் கேட்டுவிட்டு நின்றது. ரோஷக்காரன், அன்றைக்குத் திரும்பி வந்தவன் ரயில் போனபிறகு ஒரு தட்டு தட்டவில்லை. அவள் தாழை நீக்கிப் பார்த்தாள். மாடிப்படி காலியாக இருந்தது.

அதன்பிறகும் மற்ற வீடுகளில் பேச்சு நேரத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ஜனங்களும் அதைக் கேட்டுக்கொண்டே நடந்தார்கள். இவள் வீட்டிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. அவன் போன பிறகும் ரயில் வருஷக்கணக்கில் ஓடியதுதான். தனியாக இருந்தவள் யாரோடு பேசியிருப்பாள்.