எடை போடும் நாள்

என்னைக் கோபக்காரி என்று சூரமங்கலம் அலுவலகமே சொல்லும். சொல்லிக்கொள்ளட்டும். 1983இல் ராசிபுரம் பக்கத்து ஊர்களில் சத்துமாவுத் திட்டம் எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவது எங்கள் வேலை. இளைத்த குழந்தைக்கு மாவு உண்டு, எடை தேறிவிட்டால் மாவு நிற்கும். இதுதான் விதி. மாதக்கணக்காக மாவு கொடுத்தும் பிள்ளைகள் தேறவே இல்லை. ‘தாய்மார்களின் அறியாமை’ என்று எங்கள் தலைவர் வெங்கடாசலம் ஐயா காரணத்தை எழுதி முடித்துவிட்டார். அது மெட்ராஸ் போனால் அந்த ஊர்களில் திட்டத்தையே மூடிவிடுவார்கள்.

எடை போடும் நாளில் போயிருந்தேன். ஜவ்வரிசி மில்லில் குச்சிக்கிழங்கு உரிக்கும் உண்ணாமலை, மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை துவண்டுபோய் அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது.

“ஏம்மிணி, கொழந்தை என்ன சாப்பிட்டுது?”

பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள். அதட்டிக் கேட்டேன்.

“நேத்து மத்தியானம் ஊட்டுனதுதானுங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “பெத்தவளா நீ?”

“கோவிச்சுக்காதீங்க. போனவாட்டி எடை ஏறிருச்சுன்னு பக்கத்தூட்டு மாரக்கா மவனுக்கு மாவை நிறுத்திப்போட்டாங்க. அவன் மறுக்காவும் எலும்புந் தோலுமாக் கெடக்கறான். மில்லு ஓடாத மாசத்துல நான் எதைக் கரைச்சு ஊத்தறதுங்க? ஒரு நாள் பட்டினி போட்டா மாசம் பூராவும் மாவு வருதுங்களே!” என்று அழுதுவிட்டாள்.

அட கடவுளே! அவள் சொன்னதில் என்ன தப்பு? எங்கள் பாழாய்ப்போன விதிதான் பிள்ளையைப் பட்டினி போடச் சொல்லியிருக்கிறது.

மறுநாள் ஐயாவின் மேசை முன்னால் போய் நின்றேன். “ஐயா, நல்லா வேலை செஞ்சாச் சம்பளத்தை நிறுத்திருவோம்னு ஆர்டர் வந்தா, நீங்க நல்லா வேலை செய்வீங்களா?”

“ஏம்மா சௌந்திரம், காலங்காத்தாலயே சண்டையா?” என்றார். ஆனாலும் முழுக்கக் கேட்டார். மறுவாரம் அவரே வந்து உண்ணாமலையிடம் பேசினார். திரும்பும் பஸ்ஸிலேயே அறிக்கையை எடுத்து மடியில் விரித்தார். அறியாமை என்ற வரியை அடித்துவிட்டு, மாற வேண்டியது விதிதான் என்று புதிதாக எழுதி, மெட்ராஸுக்கும் தானே கொண்டுபோனார்.

அங்கே இழுத்தடித்தார்கள். கடைசியில், தேறின பிள்ளைக்கும் மூன்று வயது வரை மாவு உண்டு என்று அந்த ஊர்களில் மட்டும் சோதனையாக மாற்றினார்கள். நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். உண்ணாமலை தலையை மட்டும் ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

அடுத்த எடை நாளில் எல்லோரும் வந்து போயாயிற்று, அவளைக் காணோம். தராசை அவிழ்க்காமல் காத்திருந்தேன். உச்சி வெயிலில் வேர்க்க விறுவிறுக்க வந்தாள். பிள்ளையின் வாய், கன்னம், மூக்கெல்லாம் ராகிக்களி! தராசுத் தொட்டிலில் உட்கார வைத்தோம். முள் ஏறியது.

உண்ணாமலை முள்ளைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள். “மாவு உண்டுங்களா?”

“உண்டு, உண்டு. எடுத்துட்டுப் போ.”

இடுப்பில் செருகியிருந்த துணி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இன்னும் ஓர் உருண்டை களி இருந்தது.

“அப்ப இதையுந் தின்னுக்க சாமி” என்று, தராசில் வைத்தே மகளுக்கு ஊட்டினாள்.