கேக் சரிந்த நாள்

பேக்கரியில் கேக் அலங்கரிப்பதில் அங்கே மூத்தவளான பெரியக்காவை மிஞ்ச ஆளில்லை. புதிதாகச் சேர்ந்தவளின் க்ரீம் ரோஜாக்களை முதலாளி வாய் நிறையப் பாராட்டியதும் பெரியக்காவுக்கு வயிறு எரிந்தது.

"அவகூட யாரும் பேச்சு வெச்சுக்காதீங்க" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டாள். அவர்களும் பயந்து ஒதுங்கினார்கள். புதியவள் தனியாகவே சாப்பிட்டாள்.

ஒருநாள் பெரியக்கா தூக்கிய மூன்றடுக்குக் கல்யாணக் கேக் சரியத் தொடங்கியது. எல்லோரும் திகைத்து நிற்க, புதியவள் பாய்ந்து வந்து மறுபக்கம் தாங்கினாள்.

"விட்டுடாதீங்கக்கா! மெதுவா இறக்குவோம்."

கேக் தப்பித்தது. மதியம் சாப்பிடும்போது பெரியக்காவே அவளைக் கூப்பிட்டாள்: "இங்க வந்து உக்காரு."

அவ்வளவுதான், எல்லோரும் புதியவளைச் சூழ்ந்துகொண்டு சிரித்துப் பேசினார்கள். அதைப் பார்த்ததும் பழைய பொறாமை எட்டிப்பார்க்க, பெரியக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் இந்த முறை யாரையும் அவள் அடக்கவில்லை.