சிவப்பைத் தொட்ட கோடு

தம்பிக்கு வீட்டில் வைத்த பெயர் வாத்து. தண்ணீரைக் கண்டால் கால் தரையில் நிற்காது. வயசு நாற்பதைத் தொட்டும் புத்தி வராமல், பாய்மரப் படகில் தனியாளாகக் கிளம்பிப் போனான். தினமும் மாலை நாலு மணிக்குப் படகிலிருந்த சின்ன வானொலியில், தான் இருக்கும் இடத்தை அனுப்புவான். இங்கே அண்ணனின் ரிசீவரில் அது வெறும் கீச்சொலியாகத்தான் கேட்கும். அதை ஒரு ஒயர் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும். கம்ப்யூட்டர் எழுத்தாக்கிக் காட்டும்.

பதினோரு மாதத்துக்கு முன்பு ஒரு புதன்கிழமை எழுத்து வரவில்லை. பிறகு வரவே இல்லை. அண்ணன் மட்டும் மூக்குக்கண்ணாடிக் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, நாலு மணிக்கு அந்த அறையில் வந்து உட்கார்ந்துவிடுவார். பைத்தியம் என்றார்கள். யார் என்ன சொன்னால் அவருக்கென்ன?

இத்தனை மாதமும் அந்த அறைப் பக்கமே வராத தம்பி மனைவி, இன்று ஒரு படிவத்தோடு வந்து நின்றாள். காணாமல் போனவரை இறந்தவராகப் பதிவு செய்யும் படிவம். 'தினமும் கேட்டேன், எந்த அழைப்பும் வரவில்லை' என்று அண்ணன் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"மாமா, நீங்க போட்டுட்டா நான் அழுது முடிச்சிடுவேன். இப்படி நடுவுல தொங்கிட்டு இருக்க முடியல."

அவர் பேனாவைத் திறந்தார். அவள் பார்வை திரையில் சத்தத்தின் அளவைக் காட்டும் கோட்டுக்குப் போனது. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவள். கண் தானாகப் போகும்.

"ஏன் மாமா கோடு சிவப்புலயே நிக்குது?"

"சத்தம் நல்லா வருதுன்னு அர்த்தம்மா."

"வழியுதுன்னு அர்த்தம். பெரிய சத்தம் மட்டும் தப்பிக்கும், சின்னது நசுங்கிடும். எப்போ சத்தத்தைக் கூட்டினீங்க?"

"அவன் வராத அன்னைக்கே. தூரத்துல இருந்து மெல்லிசா வந்தா கேட்கணுமேன்னு..."

அவள் கை நீட்டி ரிசீவரின் குமிழைத் திருப்பிச் சத்தத்தைக் குறைத்தாள். கோடு சிவப்பிலிருந்து இறங்கிப் பச்சையில் நின்றது. அறை அமைதியானதுபோல் இருந்தது.

கால் நிமிஷம் போயிருக்கும். திரையில் ஒரு வரி வந்தது. பிறகு மூன்று. பிறகு மடமடவென்று, இவர் கண்ணிலேயே படாத நிலையங்கள், கடலுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள், கைவிளக்கு அளவு மின்சாரத்தில் அனுப்புகிறவர்கள். நடுவே இரண்டு படகுகள். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். வாத்து இல்லை.

"இவங்க எல்லாம் இன்னைக்குத்தான் வர்றாங்களா?"

"இல்லம்மா. தினமும் இருந்திருப்பாங்க."

"பழைய சத்தத்தையெல்லாம் கம்ப்யூட்டர் பதிஞ்சு வச்சிருக்கும்ல? திரும்பப் போட்டுப் பார்க்கலாமே."

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே பதில் தெரிந்துவிட்டது. பதியும்போதே நசுங்கியது திரும்பி வராது. தினமும் கூடத்தில் அவள் மற்றவர்களுக்குச் சொல்லும் பாடம் அது.

எத்தனை நாலு மணி. எந்த நாலு மணியில் அவன் கூப்பிட்டானோ, இந்தக் காதுக்குப் பக்கத்திலேயே.

அவர் பேனாவை மூடிப் படிவத்தின் மேல் வைத்தார்.

"அவன் கூப்பிடலைன்னு என்னால எழுத முடியாதும்மா. எனக்குக் கேட்கலைன்னு வேணா எழுதித் தர்றேன்."