இல்லையென்று சொல்லப்பட்ட மனைவி

துப்பறியும் போலீஸ்காரரின் மனைவி ஒரு புதன்கிழமை காலையில் முழங்காலுக்குக் கீழே காணாமல் போனாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் குனிந்து பார்த்தாள். நிற்க முடிந்தது, நடக்க முடிந்தது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. மிச்சத் துணியையும் காயப்போட்டுவிட்டுக் கணவரைக் கூப்பிட்டாள்.

முந்தின நாள் மாலை அவர் டயர் கடையின் மாடியில் ரகசியமாகக் கூடும் தியானக் கூட்டமொன்றில் மாறுவேஷத்தில் சேர்ந்திருந்தார். அங்கே போகிறவர்கள் வெளியில் வாயைத் திறப்பதில்லை. உள்ளே நடப்பதைக் கண்டுவரும்படி மேலதிகாரி அனுப்பியிருந்தார். நடந்தது இவ்வளவுதான். வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். மற்றவர்கள் ‘இருக்கட்டும்’ என்றார்கள். வேஷத்தில் குடும்பம் வைக்காதே, வைத்தால் வீடு தேடி வந்துவிடுவார்கள் என்பது துறையின் பாலபாடம். எனவே, குடை ரிப்பேர்க்காரராகப் போயிருந்த அவர், ‘எனக்குப் பெண்டாட்டி இல்லை’ என்றார். எல்லோரும் ‘இருக்கட்டும்’ என்றார்கள்.

அடுத்த செவ்வாய்க்குள் மனைவி கழுத்துவரை மறைந்துவிட்டாள். கூட்டத்தை நடத்திய ஓய்வுபெற்ற பல் டாக்டரம்மாவைத் தனியே பிடித்து விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா ஆச்சரியப்படவில்லை. “சொன்னது சொன்னதுதான் தம்பி. வேணும்னா மேல ஒண்ணு சொல்லலாம். மறுபடி கல்யாணம் பண்ணிக்கிறேன்னு சொல்லுங்க. ஆனா பொண்ணு எப்படி இருப்பான்னும் சொல்லணும். சொன்னபடிதான் வருவா.”

பேருந்தில் ஒருமுறை பார்த்த பிக்பாக்கெட்டின் காது மடலைப் பல வருடம் கழித்து வர்ணித்துப் பேர் வாங்கியவர் அவர். நிம்மதியாக வீடு திரும்பினார். அதற்குள் மனைவி குரல் மட்டுமாகியிருந்தாள். டாக்டரம்மா சொன்ன வழியை அவளிடம் சொன்னார்.

“அப்ப என் கண்ணு என்ன நிறம், சொல்லுங்க பாப்போம்.”

“கறுப்பு.”

“உங்க தலை. நான் எந்தக் கையால காய் வெட்டுவேன்?”

அவர் அடுப்பைப் பார்த்தார்.

“திருடன் மச்சமெல்லாம் தெரியும். எதிர்ல உக்காந்து சாப்பிடுறவ மூஞ்சி தெரியாது.”

“நீயே சொல்லிடேன்மா.”

“மாட்டேன். கண்டுபிடிங்க. அதுதானே உங்க வேலை?”

ஆல்பத்தில் அவள் நின்ற இடங்களில் பின்னாலிருந்த சுவர்தான் இருந்தது. குரலும் நாளுக்கு நாள் மெலிந்தது. அவர் லீவு போட்டு வீட்டையே துப்பறிந்தார். செருப்பின் தேய்மானத்திலிருந்து நடையை எடுத்தார். கத்தரிக்கோலின் பிடி இடது கை என்றது. சர்க்கரை டப்பா இருந்த மேல்தட்டை வைத்து உயரத்தைக் கணக்கிட்டார். காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு உண்டு என்று மச்சினி சொன்னாள். “அதுகூடத் தெரியாதா மாமா?” என்று முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள். கண்ணுக்கு மட்டும் தடயமே இல்லை. கடைசியில் எப்போதோ மின்சாரம் போனபோது தீக்குச்சி வெளிச்சத்தில் பார்த்தது அவருக்கே ஞாபகம் வந்தது. பால் விடாத தேநீரின் நிறம்.

செவ்வாயன்று அத்தனையையும் ஒரே வாக்கியமாகச் சொன்னார். சொல்லி முடிக்க நேரமாயிற்று, யாரும் அசையவில்லை. பிறகு ‘இருக்கட்டும்’ என்றார்கள்.

வீட்டில் அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள், இடது கையால். எல்லாம் சரியாக இருந்தது, உயரத்தைத் தவிர. அவள் முக்காலி போட்டு ஏறித்தான் சர்க்கரை எடுப்பாள் என்பது அவருக்குத் தெரியாது. இப்போது அவரைவிட நாலு விரல் உயரமாக நின்றாள். அடுத்த வாரம் திருத்திச் சொல்லட்டுமா என்று கேட்டார். அவள் நின்ற இடத்திலிருந்தே டப்பாவை எடுத்துப் பார்த்தாள். திரும்ப வைத்தாள்.

“இருக்கட்டும்.”

அந்தக் கூட்டத்தில் சந்தேகப்பட எதுவுமில்லை என்று மேலதிகாரியிடம் சொல்லி அவர் வழக்கை முடித்தார். முக்காலியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.